உள்ளங்கையில் ஒரு துறைமுகம்: சீன ஏற்றுமதி வெள்ளிச் சிற்றுருக்கள்

தமிழில் 'வெள்ளி' என்னும் சொல் ஓர் உலோகத்தையும் ஒரு கோளையும் ஒரு கிழமையையும் குறிக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் நாவில் அதற்கு நான்காவது பொருளும் உண்டு. அங்கே 'பத்து வெள்ளி' என்றால் பத்து ரிங்கிட் அல்லது பத்து டாலர். இன்று அந்த நாணயங்களில் வெள்ளி இல்லை. தாளில் அச்சிட்ட பணத்தையும் மக்கள் வெள்ளி என்றே வழங்குகின்றனர். ஸ்பானியரின் வெள்ளி டாலர் அக்கடல்களில் பொதுப் பணமாகப் புழங்கிய காலத்தின் நினைவு அச்சொல்லில் தங்கிவிட்டது. மெக்சிகோவிலும் பெருவிலும் அகழ்ந்து, அங்கேயே நாணயமாக அடித்து, இரண்டு பெருங்கடல்களைக் கடந்து ஆசியத் துறைமுகங்களை அடைந்த அந்த வெள்ளியின் பெரும்பகுதி சென்று சேர்ந்த இடம் சீனம். அதில் ஒரு சிறு பகுதி சீனத்துப் பொற்கொல்லரின் உலையில் உருகி, கிண்ணமாகவும் தட்டாகவும், உள்ளங்கையில் அடங்கும் பல்லக்காகவும் படகாகவும் மாறி, மீண்டும் கடலேறி மேலைநாடுகளுக்குச் சென்றது. சீன ஏற்றுமதி வெள்ளி என இன்று வழங்கும் கலைப்பொருள்களின் வரலாறு இதுவே. அவற்றுள்ளும் மிகச் சிறியனவான சிற்றுருக்கள் மிகப் பெரிய செய்திகளைத் தாங்கி நிற்பது எண்ணத்தக்கது.

வெள்ளி வந்த வழி

1757ஆம் ஆண்டு சிங் பேரரசர் சியன்லூங் ஆணையொன்று பிறப்பித்தார். மேலைநாட்டுக் கப்பல்கள் இனிக் காண்டன் என்னும் குவாங்சௌ துறையில் மட்டுமே வாணிகம் செய்யலாம் என்பது அதன் சாரம். அங்கும் அயலவர் நகருக்குள் நுழைய இயலாது. முத்தாற்றின் கரையில், மதிலுக்கு வெளியே, 'பதின்மூன்று பண்டகசாலைகள்' எனப் பெயர்பெற்ற கட்டடங்களில் வாணிகப் பருவத்தில் மட்டும் அவர்கள் தங்கலாம். மனைவியரை அழைத்துவருதல் கூடாது. அரசு உரிமம் பெற்ற ஹாங் வணிகர் வழியாகவே தேயிலையும் பட்டும் பீங்கானும் வாங்குதல் வேண்டும்.

மேலையர் விரும்பிய பொருள்கள் சீனரிடம் நிறைய இருந்தன. சீனர் விரும்பிய பொருள்கள் மேலையரிடம் மிகக் குறைவு. ஆதலால் விலையை வெள்ளியாகவே எண்ணிக் கொடுக்க நேர்ந்தது. ஸ்பானிய டாலர் கைமாறும்போதெல்லாம் அதன் மாற்றைச் சோதித்த வணிகர் தம் அடையாளத்தை நாணயத்தின் மேலேயே குத்தினர். பல கை மாறிய நாணயத்தின் முகம் அம்மை வடுக்கண்ட முகம்போலக் குழிந்து போகும். இவ்வாறு காசு சோதிப்போரைச் சீனக் கடற்கரையில் 'ஷ்ராஃப்' என அழைத்தனர். அரபு மொழியில் தோன்றி இந்தியா வழியாகச் சென்ற இச்சொல்லும் தமிழில் வழங்கிய 'சராப்பு' என்பதும் ஒன்றே.

அமெரிக்கர் இவ்வாணிகத்திற்குப் பின்னர் வந்தவர்கள். 'சீனப் பேரரசி' என்னும் பொருளுடைய பெயர் பூண்ட கப்பல் 1784 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்டில் காண்டனை அடைந்து, 1785 மே மாதத்தில் தாயகம் திரும்பியது. அதன்பின் சேலம், பாஸ்டன் முதலிய துறைகளின் வணிகக் குடும்பங்கள் காண்டனோடு நெருங்கிய தொடர்பு கொண்டன. பண்டகசாலைகளை அடுத்த சந்துகளில் ஓவியர், தந்தம் செதுக்குவோர், அரக்கு வேலையாளர், வெள்ளி வேலையாளர் ஆகியோரின் கடைகள் வரிசையாக இருந்தன. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ கொடுக்கவேண்டிய கூலியில் ஒரு சிறு பங்கே இங்குக் கொடுத்தால் போதும். கப்பல் தலைவன் தன் கையிருப்பு டாலர்களைக் கொடுத்து, தன் வீட்டுக் கரண்டி ஒன்றை மாதிரியாகக் காட்டினால், அதே வடிவில் பன்னிரண்டு கரண்டிகள் கப்பல் புறப்படுமுன் அணியமாகிவிடும்.

பொய் முத்திரையும் மெய்த் தொழிலும்

அந்தத் தொடக்ககாலப் பொருள்களில் சீனத்தின் சாயல் சிறிதும் இல்லை. வடிவம் இலண்டன் வடிவம். அழகு அளவொத்த எளிமையில் இருந்தது. அடியில் இருந்த முத்திரையும் இலண்டன் முத்திரைபோலவே தோன்றியது. இங்கிலாந்தில் வெள்ளிப் பொருளை ஆய்ந்து முத்திரையிடுவது அரசு ஏற்ற முறை. நடக்கும் சிங்கம் மாற்றைக் காட்டும். 1784 முதல் அரசர் தலை வரி செலுத்தியதைக் காட்டும். காண்டனில் அத்தகைய ஆய்வு மன்றம் எதுவும் இல்லை. மாதிரியாக வந்த பொருளில் முத்திரை இருந்தமையால், அதுவும் வடிவத்தின் ஒரு பகுதி என்று கருதினாற்போல் வேலையாளர் அதனையும் படியெடுத்தனர். சிங்கம் சற்றே நாயாகியது. அரசர் முகம் சற்றே சீன முகமாகியது.

இதன் விளைவு வியப்புக்குரியது. நூறாண்டுகளுக்கு மேலாக அமெரிக்க, ஆங்கிலக் குடும்பங்களின் நிலைப்பெட்டிகளில் இருந்த இப்பொருள்களைப் பலர் உள்ளூர்ப் பொருள்கள் என்றே எண்ணினர். வெள்ளிப் பொருளில் துறைபோகிய அறிஞரும் முத்திரையைப் படிக்க இயலாது திகைத்தனர். 1975ஆம் ஆண்டு கிராஸ்பி ஃபோர்ப்ஸ், ஜான் டெவெரோ கெர்னன், ரூத் வில்கின்ஸ் ஆகிய மூவர், 1785 முதல் 1885 வரையிலான சீன ஏற்றுமதி வெள்ளியைப் பற்றிய பெருநூலை வெளியிட்டனர். மாசசூசெட்ஸ் மாநிலம் மில்டனில் இருந்த அமெரிக்கச் சீன வாணிக அருங்காட்சியகம் அதனைப் பதிப்பித்தது. அந்நிறுவனம் 1984இல் சேலம் நகரின் பீபாடி அருங்காட்சியகத்தோடு இணைந்தது. 1992 முதல் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம் என விளங்குகிறது. வோங்ஷிங், கட்ஷிங், கெச்சியோங், லின்சோங் முதலிய காண்டன் பெயர்கள் மறதியிலிருந்து மீண்டமைக்கு இவ்வாராய்ச்சியே காரணம். ஒரு கலை நூறாண்டுகள் பிறர் பெயரில் வாழ்ந்து பின்னர்த் தன் பெயரைப் பெற்ற கதை இது. பாடியவர் பெயர் அறியாத பாடல்களைத் தொகைகளில் பயில்வோர் இதன் அருமையை எளிதில் உணர்வர்.

சிறுதேரும் சிற்றுருவும்

பெரியதைச் சிறிதாக்கிப் பார்க்கும் வேட்கை மாந்தர்க்குப் பொதுவானது. தமிழ் மரபு அதனை நன்கறியும். பிள்ளைத்தமிழ் சிறுதேருக்கு ஒரு பருவத்தையே வகுத்தது. சிற்றிலும் சிறுசோறும் மகளிர் ஆடல்கள். மரத்தாலும் பித்தளையாலும் ஆன செப்புச் சாமான்கள் இன்றும் திருவிழாக் கடைகளில் உண்டு. ஐரோப்பாவில் இவ்வேட்கை செல்வச் செழிப்போடு சேர்ந்து வளர்ந்த இடம் ஆலந்து. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆம்ஸ்டர்டாம் வெள்ளி வேலையாளர் நாற்காலி, அடுப்பு, கப்பல், மாட்டு வண்டி ஆகியவற்றை விரலளவில் செய்து விற்றனர். 1686க்கும் 1710க்கும் இடையே பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்னும் பெருமாட்டி அமைத்த பொம்மை வீடு இன்றும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த வீட்டுக்கு வேண்டிய சின்னஞ்சிறு பீங்கான் கலங்களை அவர் சீனத்திலிருந்தே வரவழைத்தார். சிறியன செய்வதில் சீனக் கைகளுக்கு இருந்த புகழ் அன்றே ஆலந்தை எட்டியிருந்தது.

சீன வெள்ளிச் சிற்றுருக்கள் பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்கு இடையே வெள்ளியின் திசை மாறியிருந்தது. தேயிலைக்கு வெள்ளி கொடுத்துச் சலித்த ஆங்கிலேயர் இந்தியாவில் விளைந்த அபினைச் சீனத்தில் விற்று அவ்வெள்ளியைத் திரும்பப் பெற்றனர். 1839 ஜூன் மாதம் ஆணையர் லின் சேஷு ஹூமென் என்னுமிடத்தில் 20,000 பெட்டிகளுக்கு மேற்பட்ட அபினை அழித்தார். போர் மூண்டது. 1842 ஆகஸ்ட் 29 அன்று கையெழுத்தான நான்கிங் உடன்படிக்கையின்படி ஹாங்காங் தீவு பிரித்தானியரிடம் சென்றது. காண்டனோடு அமாய், ஃபூச்சோ, நிங்போ, ஷாங்காய் ஆகிய துறைகளும் திறக்கப்பட்டன. 2 கோடியே 10 இலட்சம் வெள்ளி டாலர் இழப்பீடாகக் கொடுக்கச் சீனம் உடன்பட்டது. காண்டனின் பழைய பண்டகசாலைகள் 1856 டிசம்பரில் எரிந்து அழிந்தன.

புதிய துறைகளில் அயலவர் குடும்பத்தோடு குடியேறினர். 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பலில் சுற்றுலாப் பயணியரும் வந்தனர். இவர்கள் இலண்டன் வடிவக் கரண்டியைத் தேடவில்லை. 'நான் சீனம் கண்டேன்' எனச் சொல்லும் பொருள் அவர்க்கு வேண்டியிருந்தது. மூங்கில், செவ்வந்தி, வாதுமையினப் பூங்கொம்பு, போர்க்களக் காட்சி ஆகியன வெள்ளியில் ஏறின. வேழாம்பல் தட்டு முதல் மதுக்குவளை வரை பறவைநாகம் சுற்றிக்கொண்டது. சிங்கத்தின் பின் ஒளிந்திருந்த சீனம் இப்போது வெளிப்பட்டது. ஆயினும் அது வாங்குவோர் காண விரும்பிய சீனம் என்பதை மறத்தலாகாது.

மேசைமீது நடந்த தெரு

சிற்றுருக்களின் பட்டியல் ஒரு துறைமுகத் தெருவின் பட்டியல் எனலாம். பாய்விரித்த ஜங்க் கப்பல், பாய்முடைந்த கூரையுடைய சம்பான் படகு, இருவர் சுமக்கும் பல்லக்கு, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, அடுக்குக் கோபுரம், எருமைமேல் அமர்ந்த சிறுவன், காவடித்தண்டில் இருபுறமும் வாளி தூக்கிய சுமையாள், ரிக்‌ஷா இழுப்பவன் ஆகியோர் அதில் அடிக்கடி தோன்றுவர். இவற்றுட் சில பார்த்து மகிழ்வதற்கு மட்டுமே உரியன. கடைசல் மரப் பீடத்தில் நிறுத்தி நிலைப்பெட்டியில் வைப்பன. பல, விருந்து மேசையில் வேலை செய்தன. சுமையாளின் இரு வாளிகளில் ஒன்று உப்பு, மற்றொன்று மிளகு. ரிக்‌ஷாவில் பயணியின் இடத்தில் உப்பும் மிளகும் கடுகும் அமர்ந்தன. கோபுரத்தின் உச்சி துளையிட்ட மூடியாயிற்று. உணவுப் பட்டியல் செருகும் தாங்கிகளில் நற்பேற்றையும் நீள்வாழ்வையும் குறிக்கும் சீன எழுத்துகள் நின்றன.

ஒரு சிறு ரிக்‌ஷா உருவாவதற்கு வேண்டிய தொழில்நுட்பம் சிறிதன்று. வெள்ளியை அச்சுத் துளைகள் வழியே மீண்டும் மீண்டும் இழுத்து மயிரிழைக் கம்பியாக்குதல் வேண்டும். ஆரக்கால்கள் கம்பியால் அமையும். இருக்கையும் முக்காடும் மெல்லிய தகட்டை வெட்டி வளைத்துச் செய்வன. ஆள் உருவம் வார்ப்பு. வார்த்தபின் அரத்தாலும் உளியாலும் முகமும் ஆடைமடிப்பும் தீர்க்கப்படும். பின்னர் வெண்காரம் இட்டு ஒவ்வோர் உறுப்பாகப் பற்றவைத்தல். முதலில் மிகுந்த வெப்பத்தில் உருகும் பற்றுப்பொடி, அடுத்ததற்கு அதனினும் குறைந்த வெப்பத்தில் உருகுவது என இறங்குவரிசையில் செல்லாவிடில், ஒரு சக்கரத்தைப் பற்றவைக்கும்போது மற்றொரு சக்கரம் கழன்றுவிழும். இத்தனைக்கும் பிறகு சக்கரம் சுழலவும் வேண்டும். நல்ல சிற்றுருக்களில் அது சுழலும்.

காசும் கூலியும்

இங்கே தமிழர் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. சீனத்தின் நடுத்துளைச் செப்பு நாணயத்தை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றனர். ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' பெட்டி என்னும் பொருளுடைய வேறொரு வேரிலிருந்து பிறந்தது. சீன நாணயத்தின் பெயராகிய 'கேஷ்' தமிழ்க் 'காசு'. போர்ச்சுகீசியர் வாயில் 'காய்ஷா' எனத் திரிந்து ஆங்கிலேயரை அடைந்தது. இன்னொரு சொல் 'கூலி'. நாட்கூலிக்கு உழைப்பவனைக் குறிக்கச் சீனக் கடற்கரை முழுதும் இச்சொல் பரவியது. குஜராத்தின் கோலி என்னும் குடிப்பெயரை இதன் மூலமாகக் கூறுவோரும் உண்டு. எனினும் உழைப்புக்குரிய ஊதியம் என்னும் தமிழ்ப் பொருள் அதில் கலந்திருத்தல் தெளிவு. சீனர் இவ்வொலியைத் தம் எழுத்தில் 'கூ-லீ' என எழுதத் தேர்ந்த இரண்டு எழுத்துகளின் பொருள் 'கசப்பான வலிமை' என்பது. ஒலியைக் கடன்வாங்கிய மொழி பொருளைத் தானே ஈட்டிக்கொண்டது.

தமிழில் கூலி என்பது ஒருவன் பெறும் ஊதியம். கடல் கடந்தபின் அதைப் பெறும் ஆளுக்கே அது பெயராயிற்று. ஊதியம் வேறு, ஆள் வேறு என்னும் வேறுபாடு மறைந்தது. இரவு விருந்தில் உப்பு வாளி சுமந்த வெள்ளிச் சுமையாள் இம்மாற்றத்தின் உருவம். அவன் முகத்தில் பெரும்பாலும் புன்னகை இருக்கும். வெளியே தெருவில் நின்றவன் முகத்தை லாவ் ஷ எழுதினார். 1936, 1937 ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்த அவருடைய புதினத்தின் தலைவனாகிய சியாங்சு பெய்ஜிங்கில் ரிக்‌ஷா இழுப்பவன். சொந்தமாக ஒரு வண்டி வாங்குவதே அவன் வாழ்வின் கனவு. வாங்கியதை இழப்பதும், மீண்டும் முயல்வதும், இறுதியில் முயற்சியையே இழப்பதும் கதை. வெள்ளி ரிக்‌ஷாவை மேசைமேல் வைத்துப் பார்ப்பவர் இப்புதினத்தையும் அருகில் வைத்துப் படித்தல் நன்று. மனிதனை மனிதன் இழுக்கும் வண்டி சீனத்தில் 1950களில் மறைந்தது. தமிழ்நாட்டில் கைரிக்‌ஷாவை அரசு 1973இல் ஒழித்தது. அதை இழுத்தவர்களின் மக்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆதலின் இவ்வுருவம் தமிழர்க்கு அயல்நாட்டு வேடிக்கைப் பொருள் ஆகாது.

எனில், இச்சிற்றுருக்கள் இகழ்தற்குரியனவோ? அவ்வாறு கூறின் அவற்றைச் செய்தவனுக்கு இரண்டாம் முறையும் அநீதி இழைத்ததாகும். ரிக்‌ஷா இழுத்தவனும் அவனை வெள்ளியில் வடித்தவனும் ஒரே நகரின் உழைப்பாளர்கள். சுமையாளின் காவடித்தண்டு பாரத்தால் நடுவில் மேல்நோக்கி வளைந்து இரு முனையிலும் தாழ்ந்திருப்பதையும், தோளை மாற்றுமுன் ஒரு கை தண்டைப் பற்றுவதையும், முன்வைத்த காலின் பெருவிரல் தரையை அழுத்துவதையும் நல்ல சிற்றுரு காட்டும். விருந்தினர்க்கு இவ்விவரங்கள் வேண்டியதில்லை. வேலையாளன் தெருவில் கண்டதைக் கைவிட மனமில்லாமல் சேர்த்தான் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு பெயர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பொருள்களின் அடியில் பொய்ச் சிங்கம் மறைந்தது. அதற்குப் பதிலாக இருவகை அடையாளங்கள் நின்றன. ஒன்று உரோமன் எழுத்தில் அமைந்த கடைப்பெயர் அல்லது அதன் முதலெழுத்துகள். காண்டனிலும் ஹாங்காங்கிலும் கடை வைத்திருந்த வாங் ஹிங் நிறுவனத்தின் 'டபிள்யூ எச்' இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. ஷாங்காயின் லுவென் வோ, டக் சாங், ஹங் சோங், ஹாங்காங்கின் கும்வோ ஆகியனவும் சேகரிப்போர் நன்கறிந்த பெயர்கள். சில பொருள்களில் '90' என்னும் எண் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி என்பது அதன் பொருள். ஆங்கிலேயரின் மாற்று 92.5. ஸ்பானிய டாலரின் மாற்றும் ஏறத்தாழ 90 என்பது நினைக்கத்தக்கது.

இரண்டாவது அடையாளம் சீன எழுத்து. அது கடைக்காகப் பொருளைச் செய்துகொடுத்த பட்டறையின் குறி. ஒரே கடையின் பொருள்களில் வெவ்வேறு சீனக் குறிகள் காணப்படுவதால், ஒரு கடைக்குப் பல பட்டறைகள் உழைத்தன என அறிகிறோம். அக்குறியும் பெரும்பாலும் மங்கலச் சொற்களால் அமைந்த பட்டறைப் பெயரே. தனியொருவனின் இயற்பெயர் எனத் துணிதல் அரிது. எனினும் கடையிலிருந்து ஒருபடி உள்ளே, உலைக்கு அருகில், அது நம்மைக் கொண்டுசெல்கிறது.

சென்னைக்கும் இந்நிலை புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வழியாக இந்துத் தெய்வ உருவங்கள் புடைத்த வெள்ளிக் கலங்கள் இங்கிலாந்துக்குச் சென்றன. 'சுவாமி வெள்ளி' என இன்று ஏலக்கூடங்களில் போற்றப்படும் அவற்றின் அடியில் கடைப்பெயர் இருக்கும். அத்தெய்வங்களைத் தட்டி எழுப்பிய பத்தரின் பெயரைக் காண்பது அரிது. காண்டன் பொருளில் அந்த ஒரு சீன எழுத்தாவது உண்டு.

ஆங்கிலம் மட்டும் அறிந்த சேகரிப்பாளர் நெடுங்காலம் உரோமன் எழுத்தை மட்டுமே குறித்துவைத்தனர். சீன எழுத்தை 'குறி' என்று எழுதிக் கடந்தனர். ஏல விவரப் பட்டியல்களிலும் அருங்காட்சியகச் சீட்டுகளிலும் கடைப்பெயரே செய்தவர் பெயராக நிலைபெற்றது. அண்மைக் காலத்தில் சீன எழுத்துக் குறிகளைத் தொகுத்து ஒப்பிடும் பணி முனைப்பாக நடந்துவருகிறது. சீனத்திலிருந்தே வாங்குவோர் பலர் தோன்றியதும், இப்பொருள்கள் பிறந்த மண்ணுக்குத் திரும்பத் தொடங்கியதும் அதற்குத் துணையாயின.

சேகரிப்போர் அறியவேண்டுவன

சிற்றுருவின் காலத்தை அறிய அதன் பொருளே முதற்சான்று. ரிக்‌ஷா ஏறத்தாழ 1869இல் ஜப்பானில் தோன்றி, 1874இல் ஷாங்காய்க்கு வந்தது. ஆகவே சீன வெள்ளி ரிக்‌ஷா எதுவும் அதற்கு முற்பட்டதாதல் இயலாது. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால், அந்நாட்டுக்குச் செல்லும் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்கும் வழக்கம் 1891 முதல் பரவியது. 'சைனா' எனப் பொறித்த பொருள் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. உருவத்தின் தலையில் நீண்ட ஒற்றைச் சடை இருந்தால் சிங் ஆட்சிக் காலம் நினைவுக்கு வரும். 1912இல் குடியரசு தோன்றியபின் சடை களையப்பட்டது. ஆனால் பழைய வார்ப்பச்சு நெடுநாள் பயன்படக் கூடும்; வாங்குவோரும் சடையுள்ள சீனனையே விரும்பக் கூடும். எனவே சடை துணைச்சான்றே, தனிச்சான்று ஆகாது.

புகழ் பெற்ற முத்திரைக்குப் போலிகள் உண்டு. மெய்யான முத்திரை எஃகு அச்சால் அடித்தது. அதன் விளிம்பு கூர்மையாக இருக்கும். பழம்பொருளை அச்செடுத்து வார்த்த போலியில் முத்திரையும் வார்ப்பாகவே வரும். எழுத்தின் ஓரம் மழுங்கி, உட்பரப்பில் சிறு குமிழிகள் தெரியும். வார்ப்புப் போலி மூலத்தினும் சற்றே சிறியதாகவும் இருக்கும். ஏனெனில் உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும். எடையை மட்டும் நம்பி விலை சொல்பவர் இக்கலையை அறியாதவர். உரைகல் மாற்றைச் சொல்லும், கைத்திறனைச் சொல்லாது.

பேணும் முறையிலும் விழிப்பு வேண்டும். ஒவ்வொரு முறை துலக்கும்போதும் வெள்ளியின் மேற்படலம் சிறிது தேய்கிறது. முதலில் தேய்வன மூக்கும் விரலும் முத்திரையும். பின்னல் கம்பி வேலையைத் துலக்குபொடி இட்டுத் தேய்த்தால் பொடி இடுக்குகளில் வெண்மையாக உறைந்துவிடும். மென்துணியால் ஒற்றி, பள்ளங்களில் உள்ள கருமையை விட்டுவைத்தலே நன்று. அக்கருமையே உருவத்துக்கு ஆழம் தருவது. கம்பளித் துணியும் ரப்பர் வளையமும் கந்தகம் உடையன ஆதலால் வெள்ளியை விரைவில் கறுக்கச் செய்யும். ஒடிந்த உறுப்பை ஈயப் பற்றால் ஒட்டுதல் பெருங்கேடு. பின்னர்ச் சூடேற்றும்போது ஈயம் வெள்ளியை அரித்துவிடும். மரப் பீடத்தை உருவத்திலிருந்து பிரித்து விற்றலும் தகாது. இரண்டும் சேர்ந்ததே பொருள்.

உருகியதும் எஞ்சியதும்

வெள்ளியால் ஆன கலைக்கு ஒரு தீராத அச்சம் உண்டு. அது எந்த நேரமும் மீண்டும் பணமாகிவிடலாம். 1934இல் அமெரிக்கா இயற்றிய வெள்ளிக் கொள்முதல் சட்டத்தால் உலகச் சந்தையில் வெள்ளி விலை உயர்ந்தது. சீனத்தின் வெள்ளி வெளியே வடிந்தது. 1935 நவம்பரில் சீன அரசு வெள்ளி நாணய முறையைக் கைவிட்டு, வெள்ளியை அரசிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டது. 1937இல் ஷாங்காயும், 1938இல் காண்டனும், 1941 டிசம்பரில் ஹாங்காங்கும் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தன. ஒன்றரை நூற்றாண்டுத் தொழில் அத்துடன் முடிந்தது எனலாம். எஞ்சியவற்றுக்கு மற்றோர் ஊறு 1980 ஜனவரியில் நேர்ந்தது. அமெரிக்காவில் ஹண்ட் உடன்பிறப்பினர் வெள்ளியை வாங்கிக் குவித்ததால் அதன் விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 50 டாலர் வரை ஏறியது. மேலைநாடுகளில் மக்கள் பழைய வெள்ளித் தட்டுகளையும் தேநீர்க் கலங்களையும் உருக்குவோரிடம் கொண்டுபோய்க் கொடுத்தனர். அவற்றுள் உருகிய காண்டன் கலங்கள் எத்தனை என எவராலும் சொல்லவியலாது.

பெரிய கலத்தில் பல நூறு கிராம் வெள்ளி உண்டு. உள்ளங்கை ரிக்‌ஷாவில் இருப்பதோ சிறிதளவு. உருக்கினால் வருவது அற்பம் என்பதே அதற்குக் காப்பாயிற்று. எடைக்கு மதிப்பில்லாத பொருளைக் கைத்திறன் ஒன்றே காத்தது. பெருங்காப்பியங்கள் பல மறைந்தபின்னும் தனிப்பாடல்கள் வாய்வழி நின்றதைத் தமிழுலகம் அறியும். சிறுமையும் சில நேரம் ஓர் அரண்.

ஆதலின் இவற்றைச் சேகரிப்போர்க்கு ஒரு கடமை உண்டு. பொருளை வாங்கிப் பெட்டியில் அடைப்பதோடு அது நிறைவுறாது. அடியில் உள்ள சீன எழுத்தைப் பெரிதாக்கிப் படியெடுத்தல், அறிந்தாரைக் கொண்டு படித்தல், எந்தக் கடையின் எந்தப் பொருளில் எந்தக் குறி வந்தது எனப் பதிந்து பிறர்க்கு வழங்குதல் ஆகியன செய்தற்குரியன. ஒரு குறி தனியே நின்றால் கிறுக்கல். ஐம்பது பொருள்களில் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரு பட்டறை. அதன் நடையும் தனித்திறனும் தெரியத் தொடங்கினால் அது ஓர் ஆசிரியன். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்த தமிழ் நாட்டுக்கு இம்முறை அயலானதன்று.

காசு என்றும் கூலி என்றும் இரண்டு சொற்களைத் தமிழ் அக்கடற்கரைக்கு அளித்தது. காசு வெள்ளியாய் வந்தது. கூலி அதனைச் சுமந்தான், இழுத்தான், தட்டினான். விலைச்சீட்டுகளில் காசின் கணக்கு செம்மையாக நிற்கிறது. கூலி பெற்றவன் கணக்கு, கண்ணாடி வைத்துத் தேடினால் மட்டும் தெரியும் ஓர் எழுத்தாக அடியில் கிடக்கிறது. அதனை முதலில் படித்துவிட்டுப் பிறகு பொருளை நிமிர்த்தி அழகு காண்பதே முறையாகும்.